மூடியில் தடவிய கிரீஸ்

ஜூன் 3

இன்றும் துளி படுத்துவிட்டது. இந்த வரியை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்துக்கொண்டால் டைரி எழுதும் வேலை மிச்சம்.

அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "அப்படி என்னதான்டி அந்த லேப்ல செய்யிற? எனக்குப் புரியிற மாதிரி ஒரு நாளாச்சும் சொல்லு."

சொன்னேன். கண்ணாடிபோலப் பளபளக்கும் சிலிக்கான் தகட்டை நகம் அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். அதை ஆசிடில் போட்டு ஒரு துளி அழுக்கில்லாமல் கழுவ வேண்டும். கழுவிய தகட்டில் தண்ணீர் விட்டால் அப்படியே பரவிப் படுத்துக்கொள்ளும். பிறகு அந்தத் தகட்டை ஒரு பாத்திரத்துக்குள் வைத்து, பக்கத்திலேயே ஒரு சின்னக் குப்பியில் எங்கள் கைடு வேதநாயகம் சார் உருவாக்கிய மூலக்கூறையும் வைத்து, பம்ப் போட்டுக் காற்றை எடுத்துவிட்டுச் சூடுபடுத்த வேண்டும். மூலக்கூறு ஆவியாகிப் போய்த் தகட்டின் மேல் ஒரே அடுக்காக ஒட்டிக்கொள்ளும். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒட்டியதா இல்லையா என்று பார்க்க மறுபடி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். ஒட்டியிருந்தால், எண்ணெய் தடவிய ஆறின தோசைக்கல்லில் சிந்திய சொட்டு மாதிரி குவிந்து நிற்கும். ஒட்டவில்லை என்றால் படுத்துவிடும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

"நிக்குதா?" என்றாள் அம்மா.

"மதிக்கு நின்னுச்சு. எனக்கு நிக்க மாட்டேங்குது."

"மாப்பிள்ளைகிட்ட கேட்டுச் செய்ய வேண்டியதுதானேடி."

கேட்காமலா இருக்கிறேன்? மதியழகன் என் கணவர் ஆவதற்கு முன்பே என் சீனியர். இதே லேபில், இதே மூலக்கூறில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் வைவா முடித்துப் போனார், நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன், அடுத்த தையில் கல்யாணம். அவர் விட்ட இடத்தில் இருந்து நான் தொடர வேண்டும். அவர் விட்ட இடத்துக்கே நான் இன்னும் வந்து சேரவில்லை.

ஜூன் 9

சேம்பரின் போல்ட்டுகளை இறுக்கி இறுக்கி உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது. மதி கண்டுபிடித்த அடுக்கைக் காட்டித்தான் சாருக்குப் பெரிய ப்ராஜெக்ட் கிடைத்தது. அதில் வாங்கியது இந்த ஸ்டீல் சேம்பர். ரப்பர் வளையம், ஆறு போல்ட், மினுமினுப்பு, எல்லாம் உண்டு. மதி காலத்தில் இருந்தது பழைய கண்ணாடி டெசிகேட்டர். ஊறுகாய் ஜாடி மாதிரி தடித்த பாத்திரம். மூடியின் விளிம்பில் கிரீஸ் தடவி அழுத்தினால்தான் காற்றுப் புகாது. அது இப்போது அலமாரி உச்சியில் தூசியோடு தூங்குகிறது.

இந்தப் பளபளப்பான சேம்பரில் எனக்கு ஒரு முறைகூடத் துளி நிற்கவில்லை. இவ்வளவு வசதி கொடுத்தும் செய்யத் தெரியவில்லையே என்று சார் நினைப்பது அவர் கண்ணாடி வழியாகவே தெரிகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அதையேதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். மதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தஞ்சாவூர் ரோட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அசிஸ்டென்ட் புரொஃபசர். இந்த வருடம்தான் நிரந்தரம் ஆகப் போகிறது. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைக்குத்தான் நான் விழுந்தேன்.

"செண்பகா, இது சயின்ஸ் பாதி, கைராசி பாதி. ஊறுகாய் போடுறதுக்குக் கைராசி பாக்குறோம்ல? உன் கைக்கு இது வர மாட்டேங்குது. அதுக்காக நீ மட்டமா என்ன?"

ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஜூன் 17

அவர் சொன்னபடி ஆசிட் பாட்டிலைப் புதிதாக உடைத்தேன். படுத்துவிட்டது.

ஜூன் 24

அவர் சொன்னபடி ஏசியைக் குறைத்து ஈரப்பதம் பார்த்துச் செய்தேன். படுத்துவிட்டது. இட்லி மாவும் புளிக்கவில்லை. கைராசி சமையலறைக்கும் பரவிவிட்டது போலும்.

ஜூலை 2

பக்கத்து மேசை பெனசிருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. அவள் ஜூனியர், கடையில் வாங்கும் பழைய, எல்லோருக்கும் தெரிந்த சிலேன் பூச்சில் வேலை செய்கிறாள். அவள் துளிகள் எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு வரிசையாக நிற்கும்.

"அக்கா, இன்னிக்கு நீங்க ஒண்ணையும் தொடாதீங்க. ஸ்டூல்ல உக்காந்து ஆர்டர் மட்டும் போடுங்க. என் கையால வெச்சுப் பாப்போம். எனக்குப் பிரியாணி தம்மே தப்பாது."

அவளே கழுவினாள், அவளே வைத்தாள், அவளே போல்ட் இறுக்கினாள். படுத்துவிட்டது. எனக்கு அல்ப சந்தோஷம். குறை என் கையில் இல்லை என்றுதானே அர்த்தம்? ஓடிவந்து மதியிடம் சொன்னேன்.

அவர் யோசித்தார். "குப்பியத் தொறந்தது யாரு?"

"நான்தான். ஏன்?"

"அப்புறம் என்ன?" என்றார்.

சிரித்துவிட்டேன். படுக்கப் போகும்போதுதான் அவர் சிரிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

ஜூலை 15

இன்று மதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தகட்டை எடுத்த பிறகு ஆல்கஹாலிலும் தண்ணீரிலும் அலசுவோம். அடுக்கு நன்றாக ஒட்டியிருந்தால் எதில் கழுவினாலும் போகக் கூடாது. பெனசிர் தன் தகடுகளைக் குளோரோஃபார்மில் கழுவித்தான் அளப்பாள். நானும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டேன். அவ்வளவுதான்.

"குளோரோஃபார்ம் அதுல படவே கூடாது. என் காலத்துல அந்த பாட்டில மேசைப் பக்கமே வெக்க விட மாட்டேன். சொல்றதச் செய், புதுசு புதுசா எதையாவது ஆரம்பிக்காத."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கல்லூரியில் நிரந்தரமாக்கும் கமிட்டி வரப்போகிறதாம், அந்தக் கவலை. பாவம். நான் வேறு வீட்டுக்குள்ளும் லேபைக் கொண்டுவந்து கடை விரிக்கிறேன்.

சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். சண்டை முடிந்தது.

ஆகஸ்ட் 6

வேதநாயகம் சார் கூப்பிட்டு உட்கார வைத்தார். சார் உட்காரச் சொன்னாலே கெட்ட செய்திதான். நல்ல செய்தியை நிற்கவைத்தே சொல்லிவிடுவார்.

"அக்டோபர்ல உன் ரிசர்ச் கமிட்டி, அம்மா. வெளியில இருந்து ஒரு மெம்பர் வருவாங்க. மதி செஞ்ச அடுக்க நீ ஒரு தடவையாவது செஞ்சு காட்டணும். இல்லைன்னா ரெஜிஸ்ட்ரேஷன நீட்டிக்கிறதுக்கு எனக்கே வாய் வராது. தப்பா எடுத்துக்காதே. உன் வீட்டுக்காரன் ஒரே வருஷத்துல செஞ்சத, நீ..."

மீதியை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

ஆக, அக்டோபருக்குள் துளி நின்றால் நான் ஆராய்ச்சி மாணவி. நிற்காவிட்டால் இத்தனை வருடம் ஆசிடில் கை வெந்ததற்கு ஒரு காகிதம்கூட மிஞ்சாது.

வீட்டில் சொன்னபோது மதி என் தோளைத் தொட்டார். "விட்டுடேன் செண்பகா. பி.எட். பண்ணிக்க. ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி டீச்சருக்கு ஆளே இல்ல. இது எல்லாருக்கும் அமையாது."

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர்மேல் கோபம் இல்லை. அவர் சொல்வது உண்மையாக இருக்குமோ என்ற பயம்.

ஆகஸ்ட் 30

சமையல் கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். துளி படுத்துவிட்டது.

செப்டம்பர் 8

இன்று என்னால் சாப்பிட முடியவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, "சரி, விட்டுடறேன். நாளைக்கே சார்கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.  அழவில்லை, அதுதான் மதியைப் பயமுறுத்திவிட்டது என்று நினைக்கிறேன்.

சாதத்தை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, சாம்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பழைய டெசிகேட்டர் இருக்கா இன்னும்?"

"அலமாரி மேல இருக்கு. நீங்கதான் போகும்போது அதத் தூக்கிப் போடச் சொன்னீங்களாம். அட்டெண்டர் போடல."

"அதுல செஞ்சு பாரு. மூடியில கிரீஸ தாராளமா தடவு. உள்பக்கமும் கொஞ்சம் வழியட்டும், பரவாயில்ல. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

"ஏன்?"

"எல்லாத்துக்கும் ஏன்னு கேட்டா எப்படி? நிக்கணுமா வேணாமா?"

செப்டம்பர் 10

நின்றுவிட்டது.

செப்டம்பர் 11

நேற்று எழுத முடியவில்லை.  இன்று ஒழுங்காக எழுதுகிறேன்.

தகட்டின் மேல் சொட்டு விட்டதும் கேமராத் திரையில் பார்த்தேன். குண்டாக, கர்வமாக உட்கார்ந்திருந்தது. துளி தகட்டைத் தொடும் இடத்தில் கோணம் நூற்று மூன்று டிகிரி. மதியின் தீசிஸில் நூற்று நான்கு. பெனசிர் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடி நொறுங்கப் பார்த்தது. ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சித் தடிமன் அளக்கும் எலிப்சோமீட்டரில் வைத்தோம். தடிமனும் மதியின் கணக்கோடு ஒட்டிப் போகிறது. சார் தானே வந்து திரையைப் பார்த்துவிட்டு, "அட, உனக்கும் வந்துடுச்சா?" என்றார். அந்த 'உனக்கும்' இன்று எனக்கு வலிக்கவே இல்லை.

எங்கள் லேப் வழக்கப்படி முதல் துளி நிற்பவர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்க வேண்டும். வாங்கினேன். மதிக்கு ஒரு பெட்டி தனியாக. அவர் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "இதோட நிறுத்திக்க. ரெண்டு மூணு தகடு செஞ்சு வெச்சுக்கிட்டு கமிட்டிய முடி. மேல நோண்டாத" என்றார். நான் அவர் காலைத் தொடாத குறை. இப்படி ஒருத்தர் வீட்டிலேயே இருக்க, நான் வெளியே எங்கெங்கோ கட்டுரைகளைத் தேடினேனே.

செப்டம்பர் 19

ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். கமிட்டிக்கு இன்னொரு தகடு வேண்டும் என்று நேற்று டெசிகேட்டரில் வைத்தேன். இன்று எடுத்தேன், துளி விட்டேன், நின்றது, நூற்று இரண்டு. சந்தோஷமாகக் குப்பியை எடுத்து வைக்கப் போனால், மூடி இறுக்கமாகத் திருகியபடி இருக்கிறது. திறக்கவே இல்லை. மூலக்கூறு வெளியே வரவே இல்லை.

வெளியே வராத மூலக்கூறு தகட்டில் எப்படி ஒட்டியது?

பெனசிர் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க மாலிக்யூல் மூடி போட்டாலும் தாண்டி வருது, இன்டெலிஜென்ட்" என்றாள். நானும் சிரித்தேன். முந்தைய சோதனையின் மிச்சம் பாத்திரத்தில் ஒட்டியிருந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 22

டெசிகேட்டரைத் தேய்த்துக் கழுவி, உலையில் காயவைத்து, புதுக் கிரீஸ் தடவினேன். உள்ளே தகடு மட்டும். குப்பி வைக்கவில்லை.

நூற்று மூன்று.

செப்டம்பர் 23

மறுபடி செய்தேன். பெனசிரையும் தனியாகச் செய்யச் சொன்னேன். கிரீஸ் தடவினால் துளி நிற்கிறது. கிரீஸே இல்லாத ஸ்டீல் சேம்பரில் மூலக்கூறைக் கரண்டி கரண்டியாக வைத்தாலும் படுத்துவிடுகிறது. இத்தனை வருடமாகக் குப்பியில் திரவம் குறைந்ததே இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. சாரின் மூலக்கூறு கனமானது, அந்தச் சூட்டுக்கு ஆவியாவதே இல்லை. ஆவியானது கிரீஸ். அதில் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் சூட்டில் கிளம்பித் தகட்டில் படிகிறது. தண்ணீருக்குப் பிடிக்காத எண்ணெய், மேலே துளி நிற்காமல் என்ன செய்யும்?

கடைசியாக, நின்ற தகட்டை எடுத்துக் குளோரோஃபார்மில் அலசினேன். எண்ணெய் போய்விட்டது. துளி படுத்துவிட்டது. பெனசிரின் சிலேன் தகட்டை அதே பாத்திரத்தில் அலசினேன். அவள் துளி நின்றது.

சாரின் அடுக்கு என்று ஒன்று இல்லவே இல்லை. மதி செய்ததும் எண்ணெய்தான். தெரியாமல் செய்திருப்பார். பழைய பாத்திரம், எல்லோரும் கிரீஸ் தடவும் காலம், யாருக்குமே இது நடக்கலாம். அவர் பாவம், இன்று சொன்னால் உடைந்துபோவார். எப்படிச் சொல்வது என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

தெரியாமல்தான் செய்திருப்பார்.

செப்டம்பர் 24

தாராளமாகத் தடவு என்றாரே.

செப்டம்பர் 25

ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்தேன். அவர் சட்டைகளை உலர்த்திக்கொண்டே கேட்டேன். அவர் மாடித் தொட்டியின் நிழலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

என்ன என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"வைவாவுக்கு முன்னாடி," என்றார். "தீசிஸ் பிரிண்ட்டுக்குப் போயாச்சு. பேப்பர் வந்தாச்சு. சார் அத வெச்சு ப்ராஜெக்ட் எழுதிட்டாரு. அப்பப் போயி என்னத்தச் சொல்றது?"

"சரி. ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? நான் இதே டாபிக் எடுக்கும்போது பக்கத்துல நின்னீங்களே. பெல்ஸ் பார்க் பக்கம் நடந்துக்கிட்டே, 'இதையே எடு, ஈசியா முடிச்சிடலாம்'னு சொன்னது யாரு?"

"வேற டாபிக்னா வேற கைடு. நீ வேற லேபுக்குப் போயிருப்ப."

"போயிருப்பேன். முடிச்சும் இருப்பேன்."

 கையில் இருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தேன், அதில் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது. "பொய் சொன்னீங்க, சரி. என் கைக்கு ராசி இல்லைன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது செண்பகா? ஏதாவது ஒண்ணு சொல்லித்தானே ஆகணும்."

எனக்கு இது போதும். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? வெளியில் ஒருத்தன் என் உழைப்பைத் திருடியிருந்தால் போலீஸுக்குப் போவேன். இவர் எதையும் திருடவில்லை. நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று என்னையே நம்ப வைத்தார், தினமும், என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே.

செப்டம்பர் 28

மூன்று நாளாகப் பேச்சு இல்லை. காப்பி டம்ளர்கள் மட்டும் மேசைமேல் போய் வருகின்றன.

இன்று அவராக வந்து தரையில் உட்கார்ந்தார். கமிட்டியில் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டார். கிரீஸால்தான் துளி நிற்கிறது என்று காட்டுவேன், உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு முன்னால் நீங்களே சாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றேன். நீங்களாகச் சொன்னால் அது தவறு, நாங்களாகக் கண்டுபிடித்தால் அது மோசடி.  அவர் வேலை போய்விடலாம். பட்டம் போய்விடலாம். நானும்தான் அந்தச் சம்பளத்தில் சாப்பிடுகிறேன்.

"சொல்றேன்," என்றார். கண் கலங்கியிருந்தது. "நானே போய்ச் சொல்றேன். நீ அவசரப்படாத."

தலையைக் கோதிவிட்டேன். இவ்வளவு நடந்தும் கை தானாகப் போகிறது.

அக்டோபர் 5

மதி இன்று சார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். வெகுநேரம் பேசினார்களாம். "சொல்லிட்டேன். சார் ரொம்ப வருத்தப்பட்டாரு. ஆனா புரிஞ்சுக்கிட்டாரு" என்றார். முகம் தெளிந்திருந்தது.

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்! தவறு செய்யாத மனிதர் யார்? ஒப்புக்கொள்கிறவர்தான் குறைவு. நாளைக்குக் கமிட்டி முடிந்ததும் இரண்டு பேரும் எங்காவது போகலாம் என்று நினைத்திருக்கிறேன். முக்கொம்புக்காவது.

வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 6

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கமிட்டியில் மூன்று பேர். சார், துறைத் தலைவர், மதுரையில் இருந்து வந்த டாக்டர் உமையாள். அறுபது வயது இருக்கும். மூக்குத்தி, கைத்தறிப் புடவை, எதையும் இரண்டு முறை கேட்காதவர். நான் முதல் ஸ்லைடைப் போடுவதற்குள் சார் கையை உயர்த்தினார்.

"அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். செப்டம்பர்ல வந்த ரிசல்ட்ட நாம கணக்குல எடுக்க வேண்டாம். இந்தப் பொண்ணு என் அனுமதி இல்லாம பழைய டெசிகேட்டர்ல கிரீஸ அப்பி, அந்த எண்ணெய அடுக்குன்னு காட்டியிருக்கு. ஏதோ விரக்தியில செஞ்சுடுச்சு. இதச் சொன்னது வேற யாரும் இல்ல, இவ வீட்டுக்காரன் மதியழகன். என் ஸ்டூடண்ட். நேத்து வீட்டுக்கு வந்து கண்ணு கலங்கி, 'சார், என் மனைவிதான், இருந்தாலும் லேப் பேரு கெடக் கூடாது'ன்னு சொன்னான். அந்த நேர்மை யாருக்கு வரும்? அவன் முகத்துக்காக ஒரு எச்சரிக்கையோட விட்டுடலாம்."

 சார் பேசுவது தெரிகிறது, கேட்கவில்லை. நேற்றிரவு நான் மதிக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். முகம் தெளிந்திருந்தது என்று எழுதினேனே, தெளியாமல் என்ன செய்யும்?

"சார், கிரீஸ் தடவச் சொன்னதே அவர்தான்," என்றேன்.

"புருஷன் மேல பழி போடாதேம்மா. அசிங்கமா இருக்கு."

துறைத் தலைவர் ஜன்னலைப் பார்த்தார். உமையாள் மேடம் என்னைப் பார்த்தார். "யாரு தடவச் சொன்னாங்கன்றது உங்க வீட்டுப் பஞ்சாயத்து. அது எனக்கு வேணாம். கிரீஸ்னால துளி நிக்குதுன்றது உண்மையா?"

"உண்மை மேடம். மூலக்கூறே இல்லாம நிக்குது. குளோரோஃபார்ம்ல அலசினா போயிடுது."

"அப்ப அவர் செஞ்ச தகடும் அப்படியான்னு பாத்தாத் தெரிஞ்சுடுமே. இருக்கா?"

வைவா முடிக்கும் ஒவ்வொருவரும் தன் தகடுகளைப் பெட்டியில் போட்டுத் துறையில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இருக்கிறது என்றேன். சார், அது மூலச் சான்று, அதைக் கரைப்பானில் போடக் கூடாது என்றார்.

"நெசமான அடுக்குன்னா குளோரோஃபார்ம்ல போகாது வேதநாயகம். எதுக்கு யோசிக்கிறீங்க?"

எல்லோரும் லேபுக்கு வந்தோம். மதியின் தகடு ஒன்று, பெனசிரின் தகடு ஒன்று. அலசுவதற்கு முன் இரண்டிலும் துளி நின்றது. ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டையும் போட்டு அலசினேன், காயவைத்தேன். பெனசிரின் தகட்டில் துளி நின்றது. மதியின் தகட்டில் சொட்டு விழுந்தது, விரிந்தது, விளிம்பு வரை போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று வருடமாக எனக்குப் படுத்த அதே படுக்கை.

 சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். திடீரென்று வயதானவராகத் தெரிந்தார். பிறகு, "அந்தப் பம்ப்ப நிறுத்தும்மா, சத்தமா இருக்கு" என்றார். நிறுத்தினேன்.

உமையாள் மேடம் கிளம்பும்போது மதியின் பெட்டியைக் கையோடு வாங்கிக்கொண்டார். மற்றத் தகடுகளையும் மதுரையில் சோதிப்பாராம். "உனக்கு நீட்டிப்பு தரச் சொல்லி எழுதுறேன். நீ கண்டுபிடிச்சதையே தீசிஸா எழுது. ஆனா இது எங்க போய் முடியும்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

வீட்டுக்கு வந்தேன். மதி சீக்கிரமே வந்து சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பிடிக்கும் என்று குருமா.

"எப்படிப் போச்சு?"

"உங்கள மாதிரி நேர்மையானவன் கிடையாதுன்னு சார் சொன்னாரு."

சப்பாத்தியைத் திருப்பிப் போட்டார். "கோவப்படாமக் கேளு. எனக்கு வேலை இருக்கு, உனக்கு இன்னும் இல்ல. ரெண்டு பேரும் விழறதுக்கு ஒருத்தர் விழுந்தாப் போதும்ல? உனக்கு வெறும் எச்சரிக்கைதான், சார்கிட்ட பேசிட்டுத்தான் வந்தேன். நம்ம குடும்பத்துக்குத்தானே செஞ்சேன்."

"உங்க தகட்டக் குளோரோஃபார்ம்ல அலசிப் பாத்தோம்," என்றேன்.

அடுப்பை அணைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பார் என்றுகூட, வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் நினைத்தேன்.

"எத்தன தகடு?" என்றார்.

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?" முகத்தில் வெளிச்சம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார், நான் நேற்று இஸ்திரி போட்ட அதே வெள்ளைச் சட்டை. வண்டிச் சாவியை எடுத்தார். "ஒரு தகடு கெட்டுப்போயிருக்கலாம்ல, அதுல என்ன இருக்கு. லேப் பூட்டறதுக்குள்ள ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன். என் தகட்டுப் பெட்டி அதே அலமாரியிலதானே?"

உமையாள் மேடத்தின் கார் அந்நேரம் மதுரை ரோட்டில் விராலிமலை தாண்டியிருக்கும். பெட்டி பின்சீட்டில் இருந்தது.

"போயிட்டு வாங்க," என்றேன்.

வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பது இவ்வளவு சுலபம் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.